ஸ்புட்னிக்கைத் தூக்கிய ஆர்-7: ஆயுதமாக அது எவ்வளவு தேறியது?

மார்ச் 3, காலை 7.15 – கேள்வி

1957 அக்டோபரில் ரஷ்யா ஸ்புட்னிக் விட்டது. அடுத்த மாதமே லைக்கா என்ற நாயை ஏற்றி 508 கிலோவில் இன்னொன்று. அமெரிக்கா 1958 ஜனவரி 31 அன்று விட்ட எக்ஸ்ப்ளோரர் 14 கிலோகூட இல்லை. ஏவுகணைப் போட்டியில் ரஷ்யா எங்கேயோ போய்விட்டது என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? பிறகு ஏன் ‘ஏவுகணை இடைவெளி’ (அமெரிக்கா ஏவுகணையில் பின்தங்கிவிட்டது என்ற பேச்சு) என்பதே கற்பனை என்று எழுதுகிறார்கள்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மார்ச் 3, இரவு 9.40

தூக்கிய எடையை வைத்து ஆயுதத்தை அளந்துவிட்டீர்கள். பிசகு அங்கேதான். ஆர்-7 அத்தனை பெரிய ராக்கெட்டாக ஆனதற்குக் காரணமே ரஷ்யர்களின் ஹைட்ரஜன் குண்டு கனமாக இருந்ததுதான்.

1953 ஆகஸ்ட் 12 அன்று செமிபலாடின்ஸ்க் சோதனைத் தளத்தில் இயற்பியலாளர் சாகரோவ் குழுவின் ‘ஸ்லொய்கா’ குண்டு வெடித்தது. 400 கிலோடன். அந்த ஆண்டு இறுதியிலேயே அணு ஆயுதத் துறையைக் கவனித்த மாலிஷேவ், இதற்கு அடுத்த குண்டு என்ன எடை வரும் என்று சாகரோவிடம் மதிப்பீடு கேட்டார். அந்த மதிப்பீடுதான் ராக்கெட்காரர்கள் தலையில் இறங்கியது. அதுவரை 3 டன் வெடிமுனைக்குப் படம் வரைந்துகொண்டிருந்த ராக்கெட் வடிவமைப்பாளர் கரலியோவின் குழு, 5.5 டன்னை 8,000 கிலோமீட்டர் தாண்டிக் கொண்டுபோக வேண்டும் என்று ஆனதும் பழைய படத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கியது. 1954 மே 20 அன்று அரசாணை வந்தது. ஏவும்போது எடை சுமார் 280 டன், உந்துவிசை சுமார் 400 டன். நடுவில் ஒன்று, சுற்றி நான்கு என்று ஐந்து கட்டைகள் (தனித்தனித் தொட்டியும் எஞ்சினும் உள்ள பகுதிகள்). தரையிலேயே 32 எஞ்சின்களையும் ஒரே நேரத்தில் கொளுத்திவிடும்.

எந்தக் குண்டுக்காக இவ்வளவு பெரிய ராக்கெட்டை வரைந்தார்களோ, அந்தக் குண்டு கடைசிவரை செய்யப்படவே இல்லை. 1955 நவம்பர் 22 அன்று சோதித்த ஆர்டிஎஸ்-37 என்ற ஹைட்ரஜன் குண்டு வேறு தத்துவத்தில் வேலை செய்தது. ஸ்லொய்கா வழி கைவிடப்பட்டது. ஆனால் ராக்கெட்டின் அளவு அதற்குள் முடிவாகிவிட்டது. சாகரோவே பின்னாளில் இதைப் பதிவு செய்திருக்கிறார். ஸ்புட்னிக்கைத் தூக்கிய அந்த உபரி பலம், தவறிப்போன ஒரு எடைக் கணக்கிலிருந்து வந்தது.

மார்ச் 4, காலை 6.50

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். ‘32 எஞ்சின்’ தவறு. எஞ்சின்கள் ஐந்துதான். சுற்றியுள்ள நான்கு கட்டைகளில் ஆர்டி-107, நடுவில் ஆர்டி-108. ஒவ்வொரு எஞ்சினுக்கும் எரிபொருளை அழுத்தித் தள்ளும் ஒரே டர்போபம்ப், அதிலிருந்து நான்கு எரி அறைகள். ஆக 20 பெரிய அறைகள். திசை திருப்பும் சிறிய அறைகள் பக்கக் கட்டைக்கு 2, நடுக்கட்டைக்கு 4, மொத்தம் 12. இரண்டையும் கூட்டினால் வரும் 32-ஐப் பலரும் எஞ்சின் என்றே எழுதுகிறார்கள். நானும் அப்படியே எழுதிவிட்டேன்.

நான்காகப் பிரித்ததற்குக் காரணம் உண்டு. பெரிய ஒற்றை அறையில் மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிஜனும் எரியும்போது அழுத்தம் சீராக நிற்காமல் அலை அலையாக ஏறி இறங்கும். அது முற்றினால் அறை வெடித்துவிடும். எஞ்சின் வடிவமைப்பாளர் குளுஷ்கோ அதோடு மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டுத்தான் சிறிய அறைகள் நான்கை ஒரே பம்ப்போடு இணைத்தார். பம்ப்பைச் சுழற்றுவது ஹைட்ரஜன் பெராக்சைடு சிதைந்து வரும் நீராவி.

எல்லாவற்றையும் தரையிலேயே கொளுத்துவது ஏன்? உயரே போனபின் காற்றில்லாத இடத்தில் எஞ்சின் பற்றும் என்ற உறுதி அன்று யாருக்கும் இல்லை. அமெரிக்கர்களின் அட்லஸ் ஏவுகணையும் அதே பயத்தில்தான் மூன்று எஞ்சின்களையும் தரையிலேயே பற்றவைத்தது.

மார்ச் 4, இரவு 8.05

“மரக்குச்சியில் மருந்து வைத்துக் கொளுத்துகிறார்கள் என்பது உண்மையா?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். உண்மைதான், ஆர்-7 வழிவந்த இன்றைய சோயுஸ் ராக்கெட் வரை. பிர்ச் மரத்தில் ‘டி’ வடிவத்தில் ஒரு தாங்கி. அதன் மேல்முனையில் வெடிமருந்துக் குப்பி, குறுக்கே ஒரு மெல்லிய கம்பி. ராக்கெட் ஏவுதளத்தில் நிமிர்ந்தபின் ஆட்கள் கீழிருந்து ஒவ்வொரு அறைக்குள்ளும் இதைச் செருகுவார்கள். மின்சாரம் பாய்ந்ததும் மருந்து எரியும், அந்தச் சூட்டில் கம்பி அறும். எல்லாக் கம்பிகளும் அறுந்த தகவல் வந்த பிறகுதான் எரிபொருள் வால்வு திறக்கும். ஒன்று பற்றாவிட்டாலும் ஏவல் அங்கேயே நின்றுவிடும். பற்றாத அறைக்குள் மண்ணெண்ணெயும் ஆக்சிஜனும் கொட்டித் தேங்கிப் பிறகு பற்றினால் ஏவுதளமே மிஞ்சாது. அதைத் தடுக்கும் காவலாளி அந்த மெல்லிய கம்பி. எழுபது ஆண்டு நெருங்கியும் இதை மாற்றத் தேவை வரவில்லை என்பதே அதற்குச் சான்றிதழ்.

மார்ச் 5, இரவு 10.20

இனி ஆயுதக் கணக்குக்கு வருவோம்.

முதல் பிரச்சினை திரவ ஆக்சிஜன். மைனஸ் 183 டிகிரியில் கொதிக்கும் திரவம். நிரப்பிய நிமிடத்திலிருந்து ஆவியாகிக்கொண்டே இருக்கும், மேலே ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நிரப்பித் தயார் நிலையில் மாதக்கணக்கில் நிறுத்திவைக்க வழியில்லை. எச்சரிக்கை வந்தபின் ரயிலில் கொண்டுவந்து நிமிர்த்தி, சோதித்து, நிரப்பி, ஏவிவிட ஆன நேரம் பல மணி. எதிரியின் குண்டுவீச்சு விமானம் அதற்குள் வந்து சேர்ந்துவிடும்.

இரண்டாவது, ஏவுதளம். ஆர்-7 அடிப்பாகத்தில் நிற்பதில்லை. இடுப்பில் பிடித்து ஒரு பெரிய குழியின் மேல் தொங்கவிடுகிறார்கள். ராக்கெட் எழும்பியதும் நான்கு பிடிகளும் எதிர் எடையால் வெளியே சாயும், பூ விரிவது போல. அதனால்தான் ரஷ்யர்கள் அதை ‘துலிப்’ என்கிறார்கள். அழகான ஏற்பாடு. ஆனால் இமாலய கான்கிரீட் வேலை. மறைக்கவும் முடியாது, புதைக்கவும் முடியாது.

மூன்றாவது, வழிகாட்டல். குறி தப்பாமல் இருக்க ஏவுதளத்தின் இருபுறமும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி ரேடியோ நிலையங்கள் வேண்டியிருந்தன. அவற்றில் ஒன்றை அடித்தாலே போதும், ராக்கெட் எங்கே விழும் என்று சொல்ல முடியாது.

நான்காவதுதான் பலருக்குத் தெரியாதது. ‘கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணையைச் சோதித்துவிட்டோம்’ என்று 1957 ஆகஸ்ட் 26 அன்று ரஷ்யச் செய்தி நிறுவனம் டாஸ் அறிவித்ததே, ஆகஸ்ட் 21 அன்று நடந்த அந்தப் பயணத்தில் வெடிமுனை ரஷ்யாவின் கிழக்குக் கோடியான கம்சட்கா வரை போய்ச் சேர்ந்தது, ஆனால் தரைக்கு முழுசாக வரவில்லை. வளிமண்டலத்தில் நுழையும்போதே சிதறிவிட்டது. செப்டம்பர் 7-ல் மறுபடி அதே கதை. ராக்கெட் பறக்கிறது, குண்டு போய்ச் சேரவில்லை. மூக்கை மழுக்கி வடிவம் மாற்றி, பிரிந்தபின் பின்னாலேயே வரும் நடுக்கட்டை வெடிமுனையில் மோதாமல் செய்து, 1958-ல்தான் சரிக்கட்டினார்கள்.

மூக்கு கூராக இருந்தால் சூடான காற்று உடலை ஒட்டியே வரும். மழுங்கலாக இருந்தால் அதிர்வலை முன்னால் தள்ளி நிற்கும், வெப்பத்தில் பெரும்பகுதி காற்றோடு போய்விடும். அமெரிக்காவில் ஜூலியன் ஆலன் இதை 1950களின் தொடக்கத்திலேயே கண்டுபிடித்திருந்தார். ரகசியமாக வைத்திருந்தார்கள்.

மார்ச் 6, காலை 6.30

நேற்று ஒன்றை விட்டுவிட்டேன். ஸ்புட்னிக் அவ்வளவு சீக்கிரம் போனதற்கே இந்த வெடிமுனைச் சிக்கல் ஒரு காரணம். மூக்குக்கூம்பைத் திருத்தும்வரை ஆயுதச் சோதனைக்கு வேலையில்லை, ராக்கெட்டுகள் கையில் இருந்தன. செயற்கைக்கோள் வளிமண்டலத்தில் மறுபடி நுழைந்து பத்திரமாக இறங்கத் தேவையில்லை. அந்த இடைவெளியை கரலியோவ் பிடித்துக்கொண்டார். முதலில் திட்டமிட்ட ‘பொருள் டி’ என்ற 1,300 கிலோ ஆய்வுக்கோள் தாமதமானதும், அதை ஒதுக்கிவிட்டு 83.6 கிலோ உருண்டையை அனுப்பினார்கள். ஒதுக்கியது 1958 மே 15 அன்று மூன்றாவது ஸ்புட்னிக்காகப் போனது.

மார்ச் 7, இரவு 9.10

“ஒரே முயற்சியில் வெற்றி பெற்றார்களா?” என்ற கேள்விக்கு.

இல்லவே இல்லை. 1957 மே 15, முதல் ஆர்-7: ஒரு பக்கக் கட்டையில் மண்ணெண்ணெய்க் கசிவு, வால்பகுதியில் தீ. அந்தத் தீயோடேயே சுமார் 98 விநாடி பறந்து, கட்டை பிய்ந்துபோனது. ஜூன் மாதம் இரண்டாவது ராக்கெட் தளத்தைவிட்டே கிளம்பவில்லை. திரும்பத் திரும்ப முயன்றார்கள். கடைசியில் பார்த்தால் நைட்ரஜன் சுத்திகரிப்பு வால்வு ஒன்றைத் தலைகீழாக மாட்டியிருந்தார்கள். ஜூலை 12, மூன்றாவது: கட்டுப்பாட்டுக் கருவியில் மின்கசிவு, ராக்கெட் தன் அச்சிலேயே சுழலத் தொடங்கியது, முப்பத்துச் சொச்சம் விநாடியில் நான்கு கட்டைகளும் பிய்ந்து நாலாபக்கமும் போயின. நான்காவதுதான் ஆகஸ்ட் 21.

ஸ்புட்னிக் ஏவலும் மயிரிழையில் தப்பியதுதான். ஒரு பக்கக் கட்டையின் எஞ்சின் முழு அழுத்தத்துக்கு வரத் தாமதமானது. இன்னும் சற்று தாமதித்திருந்தால் தானியங்கி எல்லாவற்றையும் நிறுத்தியிருக்கும். 16-வது விநாடியில் தொட்டிகளைச் சமமாகக் காலி செய்யும் கருவி செயலிழந்தது. மண்ணெண்ணெய் கணக்குக்கு மேல் செலவாகி, நடுக்கட்டை திட்டமிட்டதற்கு ஒரு விநாடி முன்பே அணைந்தது. சுற்றுப்பாதையின் உச்சம் 80–90 கிலோமீட்டர் குறைந்தது. ஆனாலும் பாதையில் நின்றுவிட்டது.

மார்ச் 8, காலை 7.00

“அந்தக் காலத்தில் ஸ்புட்னிக்கை வெறுங்கண்ணால் பார்த்தவர்கள் உண்டே?” உண்டு. ஆனால் பெரும்பாலோர் பார்த்தது கூடவே சுற்றிய நடுக்கட்டையை. 7 டன்னுக்கு மேற்பட்ட உலோகக் குழாய் அது. ஸ்புட்னிக் 58 சென்டிமீட்டர் உருண்டை, 2 மில்லிமீட்டர் அலுமினியக் கலவைத் தகடு, இரண்டு அரைக்கோளங்களை 36 போல்ட் போட்டுச் சேர்த்தது. உள்ளே நைட்ரஜன், சூடு 30 டிகிரி தாண்டினால் ஓடும் ஒரு விசிறி, 51 கிலோ வெள்ளி-துத்தநாக பேட்டரி. மொத்த எடையில் பாதிக்கு மேல் பேட்டரி! அதனால்தான் ஒரு வாட் ஒலிபரப்பி மூன்று வாரம் ‘பீப் பீப்’ என்றது. நடுக்கட்டை டிசம்பர் 2-ல் எரிந்து விழுந்தது, உருண்டை 1958 ஜனவரி 4-ல்.

மார்ச் 9, இரவு 10.45

அமெரிக்கப் பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் கேள்விக்கு முழுப் பதில் ஆகாது.

அட்லஸின் தொடக்க வரைபடத்தில் ஐந்து எஞ்சின், சுமார் 200 டன். கிட்டத்தட்ட ஆர்-7 போல. 1954 பிப்ரவரியில் கணித மேதை ஃபான் நாய்மன் தலைமையிலான குழு, ஹைட்ரஜன் வெடிமுனை சுமார் 700 கிலோவுக்குள் அடங்கும் என்று கணக்குச் சொன்னது. மார்ச் 1 அன்று பசிபிக்கில் உள்ள பிகினித் தீவில் லித்தியம் டியூட்டரைடு எரிபொருளோடு நடந்த சோதனை 15 மெகாடன் காட்டியது. குளிர்பதனப் பெட்டி அளவு வேலை எல்லாம் இனி வேண்டாம், உலர்ந்த குண்டு போதும் என்று உறுதியானது. அட்லஸ் மூன்று எஞ்சினாகச் சுருங்கியது, எடை சுமார் 110–120 டன்.

குண்டு விஷயத்தில் யார் முன்னே இருந்தார்களோ அவர்கள் ராக்கெட் சிறியதானது, பின்தங்கியவர்கள் ராக்கெட் பெரியதானது. விண்வெளிக்கு எதை எடுத்துப் போகிறோம் என்று வரும்போது பெரிய ராக்கெட் ஜெயித்தது. ககாரின் உட்கார்ந்த வஸ்தோக் 4,725 கிலோ. 1962 பிப்ரவரியில் அட்லஸில் போன அமெரிக்க விண்வெளி வீரர் கிளென்னின் கலம் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

அட்லஸுக்கு ஒரு தனிச் சிறப்பு. தொட்டிக்கு உட்சட்டகமே இல்லை. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துருப்பிடிக்கா எஃகுத் தகடு, பலூன் போல உள் அழுத்தத்தால் மட்டுமே நிற்கும். அழுத்தம் போனால் தன் எடையிலேயே கசங்கிவிடும், ஏவுதளத்திலேயே அப்படிக் கசங்கியதும் உண்டு. அந்த மெல்லிய தோலை ஈரத்திலிருந்து காக்கத்தான் டபிள்யூடி-40 முதலில் பயன்பட்டது. நம்மூர் ஹார்டுவேர் கடையில் பூட்டுக்கும் சைக்கிள் செயினுக்கும் வாங்குகிறோமே, அதே புட்டி.

மார்ச் 10, காலை 6.40

நேற்றைய குறிப்பில் ‘குளிர்பதனப் பெட்டி’ என்றது தெளிவில்லை என்று ஒருவர் சொன்னார். சரிதான். 1952 நவம்பரில் பசிபிக் தீவான எனிவெடாக்கில் வெடித்த முதல் அமெரிக்க ஹைட்ரஜன் கருவிக்கு எரிபொருள் திரவ டியூட்டீரியம். அதைக் குளிரில் வைத்திருக்க ஒரு தொழிற்சாலை அளவுக் கருவிகள். ராக்கெட்டில் ஏற்றும் சரக்கல்ல அது.

மார்ச் 11, இரவு 9.30

இப்போது ‘இடைவெளி’.

ஆலையில் ஏவுகணைகள் வரிசையாக வந்துகொண்டிருக்கின்றன என்று ரஷ்யத் தலைவர் குருஷ்சேவ் மேடைதோறும் பேசினார். உண்மையில் போருக்கென்று இருந்த ஆர்-7 தளங்கள் வட ரஷ்யாவின் பிளெசெட்ஸ்கில் நான்கு, கஜகஸ்தானின் பைக்கனூரில் இரண்டு. அவ்வளவுதான். முதலாவது தயாரானதே 1959 கடைசியில்.

அமெரிக்காவுக்கு இது எப்படித் தெரியும்? ஆர்-7 ரயில் இல்லாமல் நகராது. ஆகவே யூ-2 உளவு விமானங்கள் தண்டவாளங்களைத் தொடர்ந்து பறந்து படமெடுத்தன. 1957 ஆகஸ்ட் தொடக்கத்தில் தியுரா-தாம் (பைக்கனூர் ஏவுதளம்) கண்ணில் பட்டதும் அப்படித்தான். ஆனால் பிளெசெட்ஸ்க் மட்டும் பிடிபடவில்லை. 1960 மே 1 அன்று விமானி பவர்ஸ் ஓட்டிய யூ-2 அங்கே போய்க்கொண்டிருந்தது. வழியிலேயே வீழ்த்தப்பட்டது.

அதற்குப் பதில்தான் கொரோனா உளவுக்கோள், வெளியே சொன்ன பெயர் டிஸ்கவரர். 1959 பிப்ரவரி முதல் வரிசையாகத் தோல்வி. ஒரு காரணம் படச்சுருள். அசிட்டேட் பிலிம் வெற்றிடத்தில் நொறுங்கியது, பாலியெஸ்டர் பிலிமுக்கு மாறிய பிறகுதான் ஓடியது. 1960 ஆகஸ்ட் 18-ல் ஏவிய டிஸ்கவரர் 14-இன் பிலிம் கூடை மறுநாள் பாராசூட்டில் ஹவாய் அருகே இறங்க, சி-119 விமானம் கொக்கி போட்டு நடுவானில் பிடித்தது. 9 கிலோ பிலிம். அதுவரை நடந்த யூ-2 பறப்புகள் எல்லாம் சேர்ந்து காட்டியதைவிட அதிக நிலப்பரப்பு அந்த ஒரு கூடையில் இருந்தது. கூடை கடலில் விழுந்தால் மிதக்கும். ஆனால் அடியில் உப்பால் ஆன ஒரு அடைப்பு உண்டு. இரண்டு நாளில் உப்பு கரையும், கூடை மூழ்கும். வேறு யார் கையிலும் சிக்கக் கூடாதே!

1961 செப்டம்பரில் அமெரிக்க உளவு மதிப்பீடு ரஷ்யர்களின் தளங்களை 10–25 என்று குறைத்தது. அதுவும் அதிகம்தான். அக்டோபர் 21 அன்று பாதுகாப்புத் துணைச்செயலர் கில்பாட்ரிக் பொதுமேடையில் தங்கள் கை ஓங்கியிருப்பதைப் போட்டு உடைத்தார். விண்வெளியில் பின்தங்கியவர்கள், விண்வெளியிலிருந்து பார்த்தே தாங்கள் பின்தங்கவில்லை என்று தெரிந்துகொண்டார்கள்.

மார்ச் 12, காலை 6.15

ஆனாலும் ஆர்-7-ஐ ஒன்றுக்கும் உதவாத ஆயுதம் என்று நான் எழுதிய தொனி சரியில்லை. மறுபடி யோசித்தேன். 1962 அக்டோபர் கியூபா நெருக்கடியில், பைக்கனூரில் செவ்வாய்க்குப் போகத் தயாராக இருந்த ராக்கெட்டை நகர்த்திவிட்டு வெடிமுனையுள்ள ஆர்-7-ஐத் தளத்துக்குக் கொண்டுவர உத்தரவு வந்ததை கரலியோவின் துணைவர் செர்தோக் எழுதியிருக்கிறார். ஆறு தளம் என்றாலும் ஒவ்வொன்றும் ஒரு நகரம். எதிரில் இருப்பவருக்கு அது சின்னக் கணக்கு அல்ல. நெருக்கடி தணிந்தபின் நவம்பர் 1-ல் அதே தொடரின் மார்ஸ்-1 கிளம்பியது.

மார்ச் 14, இரவு 10.00

“அப்படியானால் ரஷ்யா உண்மையான ஆயுதத்தை எப்போது செய்தது?” என்று முதல் கேள்வி கேட்டவரே கேட்டிருக்கிறார்.

யாங்கெல் என்ற வடிவமைப்பாளரின் ஆர்-16 ஏவுகணை. யுடிஎம்எச் என்ற ஹைட்ரசீன் வகை எரிபொருளும் நைட்ரிக் அமிலக் கலவையும். சாதாரண வெப்பத்திலேயே திரவம், ஒன்றையொன்று தொட்டதும் தானே பற்றும், குச்சி வேண்டாம். விலை வேறு: இரண்டுமே நஞ்சு, அமிலம் தொட்டியையும் அடைப்புகளையும் தின்னும். 1960 அக்டோபர் 23 மாலை பைக்கனூரில் முதல் ஆர்-16 நிரப்பி நின்றது. தொட்டிக்கும் எஞ்சினுக்கும் நடுவே உள்ள சவ்வுகளை உடைத்துவிட்டால் ஓரிரு நாளுக்குள் ஏவியாக வேண்டும். உடைக்கும்போதே கோளாறு. திரவத்தை வடித்துவிட்டுச் சரிசெய்ய நேரமில்லை என்று, நிரப்பிய ராக்கெட்டைச் சுற்றியே ஆட்கள் பழுது பார்த்தார்கள். ஏவுகணைப் படைத் தளபதி மார்ஷல் நெதேலின் நாற்காலி போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். 24 மாலை, ஏவல் வரிசையை நடத்தும் சுழல்கருவியை ஆரம்ப நிலைக்குத் திருப்பினார்கள். பேட்டரி இணைப்பில் இருந்தது. திரும்பும் வழியில் கருவி இரண்டாம் கட்ட எஞ்சினுக்கான கட்டளையைக் கடந்தது. எஞ்சின் பற்றியது. கீழே முதல் கட்டத் தொட்டி முழுக்க எரிபொருள். எழுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நெதேலின் விமான விபத்தில் இறந்ததாக அறிவித்தார்கள்.

இணைப்பைக் கழற்றிவிட்டுத் திருப்பியிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. ஒரு பிளக். அக்டோபர் 24 அன்று பைக்கனூரில் இன்றும் ராக்கெட் ஏவுவதில்லை.

மார்ச் 15, காலை 7.20

யுடிஎம்எச் குடும்பத்து எரிபொருள் நமக்குப் புதிதல்ல. பிஎஸ்எல்வியின் இரண்டாம் கட்டம் அதில்தான் ஓடுகிறது, அந்த விகாஸ் எஞ்சினைத் திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் சோதிக்கிறார்கள். ஆர்-7 வழியிலும் நமக்கு உறவு உண்டு: 1984 ஏப்ரல் 3-ல் ராகேஷ் சர்மா போனதும், 1988 மார்ச் 17-ல் நம் ஐஆர்எஸ்-1ஏ செயற்கைக்கோள் போனதும் அந்தக் குடும்பத்து ராக்கெட்டில்தான்.

ஆயுதமாக ஆர்-7 1968-க்குள் ஓய்வுபெற்றது. வாகனமாக இன்னும் அதே நடுக்கட்டை, அதே நான்கு பக்கக் கட்டைகள், அதே துலிப், கீழே அதே பிர்ச் குச்சிகள்.